அறிவியலின் விசித்திர வரலாறு: எந்தப் பாட்காஸ்ட் தேறும்?

ஒரு பாட்காஸ்டை எடைபோட ஒரு பெயர் போதும்: ஃபினியாஸ் கேஜ். 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்டில் ரயில் பாதைக்குப் பாறை தகர்த்தபோது, ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளமும் 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி அவர் கன்னத்துக்குள் பாய்ந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. ஆள் பிழைத்துக்கொண்டார். 'மூளை சிதைந்து முரடனாகிவிட்டார்' என்று அங்கேயே கதையை முடிக்கும் நிகழ்ச்சி பழைய பாடப்புத்தகத்தை ஒப்பிக்கிறது. பின்னாளில் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டி ஓட்டியதையும் சொல்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கட்டுக்கதையைப் பிரித்து மேய்ந்து எழுதியவர் அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் சாம் கீன். ஃபிலடெல்ஃபியாவின் சயின்ஸ் ஹிஸ்டரி இன்ஸ்டிடியூட்டுடன் சேர்ந்து அவர் தரும் 'தி டிஸப்பியரிங் ஸ்பூன்' புதியவர்களுக்கு நல்ல வாசல். (கேலியம் என்ற உலோகம் 30 டிகிரி செல்சியஸுக்கு முன்பே உருகிவிடும், அதில் செய்த கரண்டி சூடான தேநீரில் உருகி மறைவதுதான் பெயர்க்காரணம்.) எழுதி வைத்துப் படிப்பதால் ஆங்கிலம் தெளிவாகக் காதில் விழும், எபிசோடும் சிறியது. ஆனால் ஒரே குரல். குறுக்கே மறுத்துப் பேச ஆளில்லை. கதை வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும்.

அந்தக் குறை பிபிசியின் 'இன் அவர் டைம்' நிகழ்ச்சியில் கிடையாது. மெல்வின் பிராக் 1998 முதல் 2025 வரை நடத்தியது. எபிசோடுக்கு மூன்று ஆய்வாளர்கள், முக்கால் மணி நேரம். எரியும் பொருளிலிருந்து ஃப்ளாஜிஸ்டன் என்றொரு கற்பனைப் பொருள் வெளியேறுகிறது என்று நம்பியவர்கள் மூடர்கள் அல்லர், அன்றைய சோதனைகள் பலவற்றுக்கு அது பொருந்தியது என்பது போன்ற நியாயத்தை இங்கேதான் பொறுமையாகக் கேட்கலாம். சிக்கல் இரண்டு. மூவரும் மாறி மாறிப் பேசுவதால் பிரிட்டிஷ் உச்சரிப்பு பழகாத காதுக்கு யார் பேசுகிறார் என்றே பிடிபடாது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். அடுத்தது, தலைப்புகள் மொட்டையாக இருக்கும். 'விசித்திரம்' என்று தேடினால் ஒன்றும் சிக்காது. ஆளின் பெயர், தனிமத்தின் பெயர், கருவியின் பெயர் போட்டுத் தேட வேண்டும்.

மருத்துவக் கூத்துகள் மட்டும் போதும் என்றால் 'சாபோன்ஸ்'. சிட்னி மெக்கல்ராய் மருத்துவர், உடன் பேசும் கணவர் ஜஸ்டின் நகைச்சுவையாளர். அரட்டை அதிகம், 2020-க்குப் பிறகு கொரோனா எபிசோடுகளும் கலந்திருக்கும். 2013-இல் தொடங்கிய பழைய எபிசோடுகளிலிருந்து ஆரம்பிப்பது லாபம்.

'லாஸ்ட் விமன் ஆஃப் சயின்ஸ்' வேறு ரகம். முதல் சீசன் முழுக்க ஒரே ஆள்: 1938-இல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயை அடையாளம் கண்ட டோரதி ஆண்டர்சன். நடுவில் நுழைந்தால் புரியாது, முதல் எபிசோடிலிருந்தே வர வேண்டும். எழுத்து வடிவம் இணையதளத்தில் இருப்பதால் காதில் நழுவிய பெயரைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரண்டுக்குத்தான் நேரம் என்றால் கீனை முதலில் கேட்டுவிட்டு, அதே பொருளை 'இன் அவர் டைம்' தொகுப்பில் தேடுங்கள். இரண்டும் முரண்படுகிற இடத்தில் நிறுத்தி, மறுபடி கேளுங்கள்.