இரண்டு வாரத் தொண்டருக்கு எது: ஆங்கில வகுப்பா, ஊர்ப் பூங்காவா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊருக்கு வெளிநாட்டுக் குழு ஒன்று தொண்டு செய்ய வருகிறது என்றால், பேச்சு உடனே இரண்டு யோசனைகளில் வந்து நிற்கும். தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம். அல்லது புல் மண்டிக் கிடக்கும் திடலைப் பூங்காவாக்கலாம். பெற்றோரைக் கேட்டால் பெரும்பாலும் ஆங்கிலம் என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர் பேசக் கேட்டால் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை, தோட்டத் தொழிலாளர்கள் லயம் என்னும் வரிசை வீடுகளில் இருந்த காலத்திலிருந்தே இருக்கிறது. நான் அந்தக் கட்சி இல்லை. வருகிறவர் எத்தனை நாள் தங்குவார் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

நெடுநாள் தங்கியவர்களால் இந்த நாட்டில் பயன் விளைந்திருக்கிறது. 1962 முதல் 1983 வரை அமெரிக்காவின் பீஸ் கோர் தொண்டர்கள் இங்கே பள்ளிகளில் பாடம் நடத்தினார்கள். வந்தவர் இரண்டு ஆண்டு இருந்தார். 2012-ல் விரிவாக்கப்பட்ட, அமெரிக்காவின் ஃபுல்பிரைட் ஆங்கிலத் துணையாசிரியர் திட்டத்தில் வந்த இளைஞர்கள் ஏறக்குறைய ஒரு பள்ளி ஆண்டு முழுவதும் இடைநிலைப்பள்ளிகளில் உள்ளூர் ஆசிரியருக்குத் துணையாக இருந்தார்கள். பிள்ளைகளின் பெயர் தெரியும். யாருக்கு எங்கே வாய் திக்குகிறது என்பதும் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு வருகிறவர் என்ன செய்வார்? நிறங்களின் பெயரைப் பாட்டாகப் பாடவைப்பார், விலங்குகளின் படத்தைக் காட்டுவார். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது புதிது. நான்காம் ஆண்டுப் பிள்ளையோ எழுந்து நின்று ‘குட் மார்னிங் டீச்சர்’ என்று இழுத்துப் பாடிவிட்டு, நேற்று என்ன செய்தாய் என்று கேட்டதும் கூரையைப் பார்க்கும். இறந்தகாலம் வருவதற்குள் தொண்டர் விமானம் ஏறிவிடுவார். அடுத்த குழு வந்து மறுபடியும் சிவப்பு, மஞ்சள் என்று ஆரம்பிக்கும்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலாம் ஆண்டிலிருந்தே தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்றையும் படிக்கிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இடைநிலைப்பள்ளியில் பலர் தடுமாறுவது மலாயில். அதற்காகத்தான் புகுமுக வகுப்பு என்று ஓர் ஆண்டே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது; சொல்லச் சங்கடம்தான், ஆனால் சொல்லியாக வேண்டும். கோலாலம்பூரில் ஏழைக் குழந்தைகளிடையே தொண்டர்போலப் பழகி அவர்களைச் சீரழித்த பிரிட்டிஷ்காரர் ஒருவருக்கு 2016-ல் லண்டன் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மறு ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் இங்கே வந்தது. பின்னணி விசாரிக்காத அந்நியரைப் பிள்ளைகளோடு தனியே விடுவதில்லை என்று பள்ளி கண்டிப்பாக இருந்தால், அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பூங்காவில் இந்தத் தலைவலி குறைவு. வேலை வெட்டவெளியில், ஊர்க்காரர்களோடு சேர்ந்து. மண்வெட்டி பிடிக்க இரண்டு நாளில் பழகிவிடலாம். ஆனால் பூங்கா என்றதும் தொண்டர்களுக்குப் பழைய டயர்தான் நினைவுக்கு வருகிறது! வண்ணம் அடித்து, மண் நிரப்பி, பூச்செடி வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மண் அமிழ்ந்ததும் டயரின் உள்விளிம்பில் மழைநீர் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். ஊஞ்சலுக்கு அடியிலும் அதே கதை. கால் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாகி, மாலை மழைக்குப் பிறகு குளம்போல் நிற்கும். நிழலில்லாத சறுக்குமரத்தில் பதினொரு மணிக்குத் தொடை வைக்க முடியாது.

ஆகவே விளையாட்டுச் சாதனங்களைவிட வடிகாலும் நிழலும் முக்கியம். அதற்கும் முன்னால் நிலம். தோட்டத்து நிலம் கம்பெனியுடையது. நாளை மறுநடவு என்றால் பூங்காவும் போய்விடும். நகராண்மைக் கழகத்தின் திடலாக இருந்தால்தான் கை வைக்கலாம். இங்கே அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். புல் வெட்டுவது யார் பொறுப்பு என்று அவர்களிடம் எழுத்தில் வாங்காமல் ஒரு கல்கூட நடக்கூடாது. இந்தத் தட்பவெப்பத்தில் ஒரு மாதம் விட்டால் புல் முழங்காலைத் தொடும்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டாம். ஐரோப்பாவிலிருந்து வந்துபோகும் டிக்கெட்டே பெரும்பாலும் இங்குள்ள மாதக் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டைத் தாண்டும். அந்தப் பணத்தில் உள்ளூர் ஆளையே வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

விசா விஷயம்: சுற்றுலாப் பயணியாக நுழைந்துவிட்டு வகுப்பெடுப்பதோ கட்டுமான வேலை செய்வதோ வம்பு. சம்பளம் இல்லாத தொண்டுக்கும் குடிநுழைவுத் துறையிடம் முன்பே கேட்டு, உரிய அனுமதியோடு வர வேண்டும்.

ஆக, ஒரு பள்ளி ஆண்டு தங்குவதாக இருந்தால் ஆங்கிலம். அதுவும் இடைநிலைப்பள்ளி மாணவர்களோடு, வகுப்பாசிரியர் பக்கத்தில் இருக்க. அதற்குக் குறைந்தால் பூங்கா. பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான் வருகிறார்கள். பேராக்கில் ஒப்பீட்டளவில் மழை குறைந்த மாதங்கள். வடிகால் வெட்டவும் குழி தோண்டவும் தோதான காலம், கன்று நடத்தான் ஏற்றதில்லை. நிழலுக்கான மகிழமரக் கன்றுகளை அக்டோபர் மழையில் நாங்களே நட்டுக்கொள்வோம்.