லாங்இயர்பியன் போக நுவரெலியா ஜாக்கெட் போதுமா? போட்டுட்டு போய் வந்தவ சொல்றேன்

நுவரெலியா டவுன்ல பேல் பசார்னு சொல்ற ஜாக்கெட் கடை வரிசை எல்லாருக்கும் தெரியும்தானே. அங்க வாங்கின உடுப்போட போன மார்ச்ல நோர்வேயோட ஸ்வல்பார்ட் தீவுக்கு போய்ட்டு வந்தேன், வட துருவத்துக்கு கிட்ட 78 டிகிரி வடக்குல இருக்குற லாங்இயர்பியன்ங்குற சின்ன ஊரு, மொத்தமே 2500 பேர் அளவுலதான் இருக்காங்க. அக்கா கல்யாணம் கட்டி ஒஸ்லோல இருக்குறதால ரெண்டு பேருமா போனோம். போக முன்னாடி நம்மூர் ஜாக்கெட் அங்க தாங்குமான்னு எவ்வளவோ பேர்கிட்ட கேட்டேன், யாருக்கும் சொல்ல தெரியல, அதான் எழுதுறேன்.

தலவாக்கலைல விடிய பஸ் ஏறி 9 மணிக்கெல்லாம் கடைல நின்னேன். ஒரு கடை அண்ணன் "எந்த நாட்டுக்கு தங்கச்சி, கனடாவா"ன்னு கேட்டாரு, இல்லண்ணே அதுக்கும் மேலன்னு சொன்னதும் வெளிய தொங்குனதை எல்லாம் விட்டுட்டு உள்ள இருந்த மூட்டையை அவிழ்த்தாரு. ஜாக்கெட்டை உள்பக்கமா திருப்பி தையல் மேல டேப் ஒட்டியிருக்கான்னு பார்க்கணுமாம், அது இருந்தாதான் ஊசி ஓட்டை வழியா தண்ணி இறங்காது. அப்புறம் நல்லா கசக்கி விடச் சொன்னாரு, உள்ள அடைச்சிருக்குற இறகு நல்லதுன்னா உடனே உப்பி எழும்பும், மட்டம்னா அமுங்குனபடியே கெடக்கும். ஜிப்புக்கு பின்னால காத்தை மறைக்க ஒரு பட்டி இருக்கணும், அதையும் தடவி காட்டுனாரு. நாலஞ்சு பார்த்து கடைசியா ஒரு கருநீலம் எடுத்தேன், 8500 ரூபா. அவசரப்படுத்தாம அவ்வளவு நேரம் நின்னு சொல்லி தந்தாரே, அதுக்கே அந்த கடைக்கு திரும்ப போகணும்.

ஜாக்கெட் எப்படின்னா, மைனஸ் 18ல நின்னேன், நெஞ்சு முதுகு ரெண்டும் சூடாவே இருந்துச்சு. மார்ச் 8ம் தேதி அது. அக்டோபர் கடைசில மறையுற சூரியன் பெப்ரவரி நடுவுல திரும்ப வந்தாலும், மலை மறைக்கிறதால ஊருக்குள்ள வெயில் விழ மார்ச் 8 ஆகும். பழைய ஆஸ்பத்திரி ஒண்ணோட படிக்கட்டு மட்டும் அங்க நிக்குது, வெயில் அதுல படுறதை பார்க்க ஊரே கூடிருச்சு, புள்ளைங்க முகத்துல மஞ்சள் சாயம். மத்தியானம் ஒரு மணிக்கு கிட்ட மரப்படியில ஒரு கீத்து வெளிச்சம் விழுந்துச்சு, அவ்வளவுதான், எல்லாரும் கத்துறாங்க, பக்கத்துல ஒரு வயசானவங்க அழுறாங்க, எனக்கும் கண்ணு கலங்கிருச்சு.

ஆனா ஒரு விஷயத்துல ஏமாந்தேன். அதே வரிசைல வேற கடைல கம்பளி தெர்மல்னு தந்தது பருத்தி கலந்தது. மேடு ஏறுனதும் வேர்த்து ஊறிருச்சு, நின்னதும் ஐஸ் தண்ணில நனைச்ச துணி மாதிரி ஒட்டிக்கிட்டு நடுங்க வச்சிருச்சு. உடம்போட ஒட்டுற உடுப்பு கம்பளியா இருக்கணும், லேபிளை வாசிக்காம வாங்காதீங்க. கையுறையும் விரல் விரலா வேணாம், நாலு விரலும் ஒண்ணா போற மாதிரி எடுங்க. பனி ஸ்கூட்டர்ல கூட்டிட்டு போறவங்க மேலுக்கு முழு உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அவங்களே தர்றாங்க, அதுக்கு காசு கொட்ட தேவையில்ல. பனிக்கரடி இருக்குறதால ஊர் எல்லையை தாண்டி கைட் இல்லாம போகவும் கூடாது, கைட் துப்பாக்கியோடதான் வருவாரு.

எந்த மாசம் போறீங்கங்குறதை பொறுத்து உடுப்பும் மாறும். நவம்பர் நடுவுல இருந்து ஜனவரி முடியுற வரைக்கும் பகல்லயும் கும்மிருட்டு, வானத்துல பச்சை ஒளி பார்க்கத்தான் போவாங்க. மார்ச், ஏப்ரல் பனியும் வெளிச்சமும் சேர்ந்து இருக்கும், என்னைக் கேட்டா அதுதான் சரியான நேரம். ஏப்ரல் 20ல இருந்து ஆகஸ்ட் 20 கடந்தும் சூரியன் மறையவே மறையாது, கண்ணை கட்டி தூங்க துணி கொண்டு போங்க. ஜூலைல 5, 7 டிகிரிதான், நம்ம ஜனவரி விடியக்காலை குளிர், சாதாரண ஜாக்கெட்டே போதும்.

விசா விஷயம் கட்டாயம் சொல்லணும். ஸ்வல்பார்ட்டுக்கு விசா வேணாம், சரி. ஆனா நோர்வே வழியாத்தான் போகணும், அதுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலதுக்கும் பொதுவான விசா வேணும், ஸ்வல்பார்ட் ஷெங்கனுக்கு வெளிய இருக்குறதால திரும்ப ஒஸ்லோ வர ரெண்டாவது நுழைவும் வேணும். நான் போன ஏஜென்சில ஒரு நுழைவு போதும்னு அடிச்சு சொன்னாங்க, அக்கா கண்டுபிடிக்காட்டி அங்கயே மாட்டியிருப்பேன். மறுபடி விண்ணப்பிச்சு காசும் ஆறு வாரமும் போச்சு. கொழும்புல இருந்த நோர்வே தூதரகத்தையும் 2023ல மூடிட்டாங்க, அதனால நேரத்தோட ஆரம்பிங்க.

ஊரைப் பத்தி ஒண்ணு. 1906ல லாங்இயர்னு ஒரு அமெரிக்கர் நிலக்கரி தோண்ட ஆரம்பிச்ச இடம் அது, கடைசி சுரங்கத்தை 2025லதான் மூடினாங்க. நாங்க தங்குன வீடு முந்தி சுரங்க தொழிலாளிங்க இருந்த நீள கட்டடம், வரிசையா அறை, நடுவுல ஒரே நடை. உள்ள போனதும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்க லயம்தான் ஞாபகம் வந்துச்சு, அக்காவும் அதையேதான் சொன்னா. ஹோட்டல், மியூசியம் எங்க போனாலும் சப்பாத்தை வாசல்லயே கழட்டணும், கரித்தூள் உள்ள வரக்கூடாதுன்னு அந்த காலத்துல தொடங்குன வழக்கமாம். அதனால நல்ல மேஸ் (சாக்ஸ்) ரெண்டு மூணு ஜோடி எடுத்துட்டு போங்க, அது பேல் பசார்லயே இருக்கு.

ஜாக்கெட்டுக்கு 5க்கு 5, தெர்மலுக்கு 1. போறதுன்னா கிழமை நாள்ல காலைல போங்க, ஏப்ரல் சீசன்ல விலையும் ஏறிரும், கடைக்காரங்களுக்கு நின்னு பேசவும் நேரம் இருக்காது.