சலித்தெடுக்க ஒன்று, சுருக்கித் தர ஒன்று: ஆய்வுக் கருவிகளுடன் இரண்டு ஆண்டுகள்

காலநிலை மாற்றத்துக்கும் மக்கள் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பேசும் ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் பணியில் இரண்டு ஆண்டுகளாகச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தி வருகிறேன். இத்துறையில் 2013 முதல் 2019 வரை மட்டுமே ஏறத்தாழ 16,000 கட்டுரைகள் வெளிவந்திருப்பதை, இயந்திரக் கற்றலின் துணையுடன் செய்யப்பட்டு 2021இல் லான்செட் பிளானெட்டரி ஹெல்த் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. இரண்டு பேர் உட்கார்ந்து படித்து முடிக்கக்கூடிய குவியலன்று அது.

பொருந்தும் கட்டுரைகளைச் சலித்தெடுக்கும் வேலைக்கு நான் நம்புவது, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஏஎஸ்ரிவ்யூ என்னும் கட்டற்ற மென்பொருளை. சில கட்டுரைகளைப் பொருந்துபவை, பொருந்தாதவை என்று நாம் குறித்துக் கொடுத்தால், எஞ்சியவற்றைப் பொருந்தும் வாய்ப்பின்படி அது வரிசைப்படுத்துகிறது. நாம் மேலும் குறிக்கக் குறிக்க அந்த வரிசையைத் திருத்திக்கொள்கிறது. அந்த வரிசையில் எதுவரை படித்து நிறுத்துவது என்பதுதான் தலைவலி. தொடக்கத்தில் வெப்ப அலை இறப்புகளைப் பற்றிய கட்டுரைகளை மட்டுமே முன்மாதிரியாகக் கொடுத்திருந்தேன். அதனால், வங்கதேசக் கடலோரத்தில் குடிநீரின் உவர்ப்புக்கும் கர்ப்பிணிகளின் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த கட்டுரைகள் வரிசையின் அடியில் போய்க் கிடந்தன. கருவியைக் குறை சொல்ல முடியாது, நான் கொடுத்த விதைநெல் அப்படி. இப்போது ஒவ்வொரு பாதிப்பு வகைக்கும் ஒரு முன்மாதிரியாவது முதலிலேயே சேர்த்துவிடுகிறேன்.

சுருக்கம் எழுதித் தரும் உரையாடல் கருவிகளிடம் எனக்கு அந்த அளவு நம்பிக்கை இல்லை. 13 நாடுகளின் 384 இடங்களில் நிகழ்ந்த சுமார் 7.4 கோடி இறப்புகளை ஆராய்ந்து 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையைக் கொடுத்துத் தமிழில் சுருக்கம் கேட்டபோது, 7.71 விழுக்காடு இறப்புகளுக்கு வெப்பமே காரணம் என்று ஒரு கருவி தயக்கமின்றி எழுதியது. மூலக் கட்டுரை சொல்வதோ உகந்த அளவிலிருந்து விலகிய வெப்பநிலையை, அந்த 7.71இல் குளிரின் பங்கு 7.29, வெப்பத்தின் பங்கு 0.42 மட்டுமே. குளிரையும் நாம் 'வெப்பநிலை' என்றே அளப்பதால், தமிழில் இந்த வழுக்கல் இன்னும் எளிதாக நேர்கிறது போலும். வெப்ப அலைச் செயல்திட்டம் வகுப்பவர் ஒருவர் அந்தச் சுருக்கத்தை மட்டும் படித்திருந்தால், வெப்பத்தின் பங்கைப் பதினெட்டு மடங்கு மிகையாகக் கணக்கிட்டிருப்பார்.

அதன் பிறகு எண்களை நானே அட்டவணையிலிருந்து எடுத்து எழுதுகிறேன். அந்த எண் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் கருவியிடம் கேட்கிறேன். அதையும் சில வேளைகளில் தவறாகச் சொல்கிறது.