வாட்கின்ஸ் க்ளென்னா, லெச்வொர்த்தா?

நியூயார்க் மாநிலத்தில் ஃபிங்கர் லேக்ஸ் பக்கம் அருவி பார்க்கப் போகிறவர்கள் பலர் இந்த இரண்டு பூங்காக்களையும் ஒரே நாளில் முடித்துவிடத் திட்டம் போடுகிறார்கள். இடையில் ஒன்றரை மணி நேரமாவது காரில் போய்விடும். கடைசியில் இரண்டுமே அரைகுறைதான்.

வாட்கின்ஸ் க்ளென்னில் மலையிடுக்குக்குள்ளேயே நடக்கிறோம். ஒன்றரை மைல் பாதை, 832 படிகள், 19 அருவிகள். கேவர்ன் காஸ்கேடில் தண்ணீர்த் திரைக்குப் பின்னால் புகுந்து வெளியே வரலாம். வெயில் அதிகம் எட்டாத இடுக்கு என்பதால் கல்படிகள் மழை இல்லாத நாளிலும் ஈரமாகவே கிடக்கும். அடிப்பாகம் தேய்ந்த ஷூ போட்டால் வழுக்கும், செருப்பு வேண்டவே வேண்டாம். போன் லென்ஸில் சாரல் படியும், துடைக்க உலர்ந்த துணி வேண்டும். சீசனில் ஓடும் ஷட்டில் பஸ்ஸில் மேல் வாசலுக்குப் போய் இறங்கி வருவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மூச்சு வாங்குபவர்களுக்கு அது சரி. முட்டி வலி உள்ளவர்களுக்கு இறக்கம்தான் வேதனை; மேல்கோடியில் உள்ள ஜேக்கப்ஸ் லேடர் மட்டுமே 180 படி. அவர்கள் கீழிருந்து நிதானமாக ஏறி, பஸ்ஸில் திரும்புவது மேல். நாயை இந்தப் பாதையில் விடமாட்டார்கள். குளிர்காலத்தில் பாதையையே மூடிவிடுவார்கள். மே நடுவாக்கில்தான் திறப்பு.

லெச்வொர்த்தில் எல்லாம் பெரிசு. ஜெனசீ ஆறு கீழே ஓட, விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறோம். சில இடங்களில் பாறைச் சுவர் 550 அடிக்கு மேல். காரை நிறுத்தி நிறுத்தியே பாதி பார்த்துவிடலாம், வயதானவர்களுக்கு வசதி. ஒரு பொறி உண்டு: பூங்கா சுமார் 17 மைல் நீளம், ஆனால் மூன்று பெரிய அருவிகளும் தெற்குக் கோடியில். ஜிபிஎஸ்ஸில் வெறுமனே பூங்கா பெயரைப் போட்டு வடக்கே மவுண்ட் மோரிஸ் வாசலில் போய் நின்றால், அங்கிருந்து மொத்த நீளத்தையும் ஓட்ட வேண்டும். காஸ்டைல் வாசலைப் போடுங்கள். கீழருவிக்கு மட்டும் நூற்றுச் சொச்சம் படி இறங்கியாக வேண்டும். அதைத் தவிர்த்தாலும் நடு அருவி 107 அடியில் ஈடுகட்டிவிடும்.

குழந்தையை ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு இரண்டும் வேண்டாம். இதாகா ஊர் பக்கத்தில் டாகானாக் அருவி இருக்கிறது: முக்கால் மைல் சமதளம், முடிவில் ஒரே பாய்ச்சலாக 215 அடி. வறண்ட ஆகஸ்டில் நூலாகிவிடும், வசந்தத்தில் போங்கள்.