ட்விட்டரை விட்டு மாஸ்டடானுக்குப் போனவர்கள் ஏன் திரும்பினார்கள்?

2022 அக்டோபர் கடைசியில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். அப்போது, ட்விட்டரைப் போலவே குறும்பதிவுகள் போடும் தளமான மாஸ்டடானை மாதந்தோறும் பயன்படுத்தியவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அடுத்த மாதமே அது 25 லட்சத்தைத் தொட்டது. அந்த அலையில் நானும் போனேன். கூட வந்தவர்களில் பலர் திரும்பிவிட்டார்கள். நான் இன்னும் மாஸ்டடானில்தான் இருக்கிறேன்.

பலரையும் கிளப்பியது கோபம். ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வேலை போனது, நீலக் குறிக்கு மாதச் சந்தா வந்தது. 2023 ஜனவரியில் ட்விட்டரைப் படிக்க வேறு நிறுவனங்கள் செய்த ட்வீட்பாட் போன்ற செயலிகளும் முடக்கப்பட்டன. பதிவுகளை நேர வரிசையில், விளம்பரம் இல்லாமல் படித்துப் பழகியவர்களுக்கு அது பெரிய அடி. மாஸ்டடானில் அந்த வாசிப்பு அப்படியே கிடைத்தது.

ஆனால் போன இடத்தில் பேச ஆள் வேண்டுமே! ஐபிஎல் நடக்கும் இரவுகளில் தமிழில் அங்கே நாலு பதிவு தேறாது. தேடினாலும், தங்கள் பதிவுகள் தேடலில் வரச் சம்மதித்தவர்களின் பதிவுகள் மட்டும்தான் வரும். அதனால் புதிதாக வருபவர்கள் முதலில் குறிச்சொற்களை (ஹேஷ்டேக்) பின்தொடருங்கள். ஆட்கள் கண்ணில் படத் தொடங்குவார்கள்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. மாஸ்டடான் என்பது தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்தது; அதில் ஒன்றில்தான் கணக்கு தொடங்க வேண்டும். நான் முதலில் சேர்ந்த சர்வரை நடத்தியவர், மூடப்போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டார். புதிய சர்வரில் கணக்கு தொடங்கி, பழைய முகவரியும் என்னுடையதுதான் என்று காட்ட அதை அங்கே மாற்றுப்பெயராகப் பதிந்தேன். நான் பின்தொடர்பவர்களின் பட்டியலை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கி, புதிய இடத்தில் ஏற்றினேன். அப்புறம் பழைய கணக்கில் இடமாற்றத்தை உறுதி செய்ததும், என்னைப் பின்தொடர்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தானாகவே வந்து சேர்ந்தார்கள். பழைய பதிவுகள் வரவில்லை. பதிவுகளும் கூடவே வரும்படி இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனாலும் ஆட்கள் வந்ததுதான் எனக்கு முக்கியம்.

2023 ஜூலையில், இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா தொடங்கிய த்ரெட்ஸ் என்ற தளம் ஐந்தே நாளில் 10 கோடிப் பேரைச் சேர்த்ததற்கும், தெரிந்த ஆட்கள் கூடவே வருவதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இன்ஸ்டாகிராம் கணக்கிலேயே நுழைந்து, அங்கே பின்தொடர்ந்தவர்களை த்ரெட்ஸிலும் பின்தொடரலாம். மாஸ்டடானிலோ எந்த சர்வர் என்ற கேள்வியிலேயே பலர் சோர்ந்துவிடுகிறார்கள்.

சுடச்சுடச் செய்தியும் கிரிக்கெட்டும்தான் வேண்டும் என்றால் எக்ஸிலேயே (ட்விட்டரின் இப்போதைய பெயர்) இருங்கள். மாறுவதென்று முடிவு செய்தால், தினமும் உங்களோடு பேசும் ஐந்தாறு பேரிடம் முதலில் சொல்லி, அவர்களையும் அதே வாரத்தில் கணக்கு தொடங்க வையுங்கள்.