அரசியல் அறிவியல் துறையில் மூன்று ஆண்டுகள்: வேலூரிலிருந்து ஒரு தகப்பனின் மதிப்பீடு

2022ஆம் ஆண்டு என் மகள் வேலூரில் உள்ள அரசு உதவி பெறும் கலைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்தபோது, உறவினர்கள் அனைவரும் சொல்லிவைத்தாற்போல் கேட்ட கேள்வி, "ஏன், பி.காம். கிடைக்கலையா?" என்பதுதான். கிடைத்தது, அவள்தான் வேண்டாம் என்றாள். 2025இல் பட்டம் பெற்றுவிட்ட அவள் மூன்று ஆண்டுகளாக வீட்டுக்குக் கொண்டுவந்த கதைகளையும் குறிப்பேடுகளையும் வைத்து, வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தத் துறையைப் பற்றி நான் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் கல்லூரியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இத்துறையின் பெரிய பலம், ஆசிரியர்கள் வேலூர் மாவட்டத்தையே பாடநூலாக வைத்துக்கொள்வது. தேர்தல் ஆணையத்தின் அதிகாரம் என்னும் பாடம் 2019 மக்களவைத் தேர்தலில் இருந்து தொடங்கியதாம். அந்தத் தேர்தலில் ஏராளமான பணம் கைப்பற்றப்பட்டதைத் தொடர்ந்து, வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கையில் வேலூர்த் தொகுதித் தேர்தல் மட்டும் ரத்தானது. ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் நாம் வாக்களித்தோம். ரத்து செய்து உத்தரவிட்டது ஆணையமா, குடியரசுத் தலைவரா என்று ஆசிரியர் கேட்டபோது வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை என்று மகள் வந்து சொன்னாள். ஆணையம் பரிந்துரைத்தது, உத்தரவு குடியரசுத் தலைவருடையது என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். உண்மையில் நானும் கைப்பேசியில் தேடித்தான் சொன்னேன்.

இரண்டாம் ஆண்டில், 2023 அக்டோபர் 2 அன்று, இருபத்தெட்டு மாணவர்களைக் காட்பாடியைத் தாண்டி உள்ள ஓர் ஊராட்சியின் கிராம சபைக்கு அழைத்துச் சென்றார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மாவட்டம் பிரிக்கப்பட்டதால் 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நமக்கு நடக்காமல், 2021 அக்டோபரில்தான் நடந்தது என்பதை முந்தைய வாரமே வகுப்பில் படித்துவிட்டுச் சென்றதால், ஊராட்சித் தலைவரிடம் கேட்க அவர்களிடம் கேள்விகள் இருந்தன. மகளின் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். வேப்பமரத்தடியில் ஷாமியானா, இரண்டாயிரத்துச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட ஊர் என்பதால் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், 100, பதினொன்றரை மணிக்கு இவர்கள் எண்ணியபோது இருந்தவர்கள் 61 பேர், அவர்களில் முக்கால்வாசி நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள். வரவு செலவு அறிக்கை ஒரு ஃபிளெக்ஸில் அச்சிடப்பட்டுத் தொங்கியது, ஆனால் அதன் கீழ்ப்பாதியை நாற்காலி அடுக்கு மறைத்திருந்தது. ஒரு மாணவி அந்த நாற்காலிகளை நகர்த்தி வைத்ததும் பின்வரிசைப் பெண்கள் எழுந்து வந்து தெருவிளக்குச் செலவைப் படிக்கத் தொடங்கினார்கள். கூட்டம் முடிந்து பஸ் ஏறும்போது பதிவேட்டில் கையெழுத்து 104 ஆகியிருந்தது. அந்த 43 பேர் எப்போது வந்தார்கள் என்பதற்கு மகள் விளக்கம் எதுவும் எழுதவில்லை, இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். அகமதிப்பீட்டில் அந்த அறிக்கைக்கு அவளுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கும் ஒருமுறை சென்றார்கள். மனு எழுதிக் கொடுப்பவர்களோடு வாசலில் உட்கார்ந்து, மனுவுக்கு எண் விழுவதிலிருந்து அது எந்தத் துறைக்குப் போகிறது என்பது வரை பார்த்துவிட்டு, அன்று இரவு என்னிடம், "அப்பா, 'பரிசீலனையில் உள்ளது' என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் அந்தச் சொல்லை எழுதியவனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொருவரும் 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு அனுப்ப வேண்டும் என்று பணித்திருக்கிறார்கள். 30 நாளுக்குள் பதில் வந்தவர்களும் வராதவர்களும் மேல்முறையீடு எழுதியவர்களுமாகப் பருவம் முழுவதும் அந்தப் பயிற்சி ஓடியது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாம் ஆண்டுக் கருத்தரங்குதான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் பாலாறு கெட்டது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பை மாணவர்கள் பகுதி பகுதியாகப் பிரித்து வாசித்து விளக்கினார்கள். முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் இந்த நாட்டின் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு நம் ஊர் ஆற்றுக்காக எழுதப்பட்டது என்பதே பலருக்குத் தெரியாது. அதில் நம் மாவட்டம் 'வட ஆற்காடு அம்பேத்கர்' என்ற அன்றைய பெயரிலேயே வருவதைப் பார்த்து ஒரு மாணவர், அது வேறு ஏதோ மாவட்டம் என்று நினைத்து அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டாராம். பெற்றோரையும் அழைத்திருந்ததால் நான் அதைக் கேட்டுச் சிரித்தேன்.

மாதிரி சட்டமன்றம் ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் பேச்சுத்திறன் உள்ளவர்களே மூன்று ஆண்டும் அமைச்சர்களாக இருக்கிறார்கள். மற்றவர்கள் மேசையைத் தட்டுகிறார்கள். கோட்டைக்கு ஜூலை 10 அன்று சென்று 1806 புரட்சியை நினைவுகூர்வது வழக்கம் என்றாலும், அது புகைப்படத்துக்கான நிகழ்ச்சியாகவே முடிந்துவிடுகிறது.

இனி குறைகள். தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு நூலகம் போதாது. அரசியலமைப்புக்கு ஓரளவு தமிழ் நூல்கள் உண்டு. சர்வதேச உறவுகளுக்கும் ஒப்பீட்டு அரசியலுக்கும் பழைய பதிப்புகள் இரண்டு மூன்றைத்தான் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். மேலைநாட்டு அரசியல் சிந்தனைத் தாளுக்கு ஆசிரியர் கையால் எழுதிக் கொடுத்த குறிப்பின் நகலே கதி. நகலுக்கு நகல் எடுத்து, மகளிடம் வந்தபோது அதில் பாதி எழுத்து மங்கியிருந்தது.

அதைவிடப் பெரிய குறை, மேற்படிப்பு வழிகாட்டுதலில் உள்ள அலட்சியம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர வேண்டும் என்று மகள் விரும்பினாள். அதற்கான மத்தியப் பல்கலைக்கழக முதுநிலைப் பொது நுழைவுத்தேர்வு மார்ச் மாதத்தில் தொடங்குகிறது. சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். துறை அறிவிப்புப் பலகையில் அந்தச் சுற்றறிக்கை ஒட்டப்பட்டபோது கடைசி நாள் கடந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. நாங்களே பார்த்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் நிறைந்த துறையில் அதைப் பெற்றோர் தலையில் போடுவது நியாயமாகாது. அதேபோல், உதவிப் பேராசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வின் அரசியல் அறிவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும் என்பதைத் தமிழ் வழி மாணவர்களுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லியிருந்தால், ஆங்கிலக் கலைச்சொற்களுக்குப் பழக மூன்று ஆண்டுகள் கிடைத்திருக்கும். குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் இதே பாடத்தை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழிலேயே எழுதலாம் என்பதை மட்டும் ஆர்வமாகச் சொல்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. வினாத்தாள்களை வாரம் ஒருமுறை அலசுவதையும் குறையில்லாமல் செய்கிறார்கள்.

மகள் இப்போது வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் இருக்கிறாள். புதுச்சேரி போகவில்லையே என்ற வருத்தம் எனக்குத்தான் அதிகம். இந்தத் துறையில் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள், சேர்க்கை நாளன்றே களப்பயணங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேட்டு அவரைப் பார்த்துவிடுங்கள். நுழைவுத்தேர்வுத் தேதிகளை மூன்றாம் ஆண்டு டிசம்பரிலிருந்து வாரந்தோறும் நீங்களே இணையத்தில் பாருங்கள். களப்பயணம் உள்ள நாட்களில் திரும்பி வர மாலை ஆறு ஆகிவிடும் என்பதால், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் செல்லும் பெண் பிள்ளைகளுக்குப் பஸ் நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.