அம்மாவின் தோளில் பிளேட்: ஆபரேஷனுக்கு முழு மார்க், அதற்குப் பிறகு நடந்ததற்கு இல்லை

புரட்டாசி சனிக்கிழமைக்காக வீடு கழுவும்போது அம்மா பின்வாசல் படியில் வழுக்கி விழுந்தார். வயது 64. வலது கை, தோளுக்குக் கொஞ்சம் கீழே முறிந்து, எக்ஸ்ரேயில் எலும்பின் மேல் உருண்டை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில். மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, இருந்ததால் டர்பனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம், பெயர் சொல்லவில்லை.

ஆபரேஷன் அருமை. தோளின் முன்பக்கம் திறந்து, எலும்பின் வெளிப்பக்கமாக உலோக பிளேட் வைத்தார்கள். இந்த பிளேட்டின் ஓட்டைகளிலேயே மரை இருக்கிறது, ஸ்குரூவின் தலை அதில் பூட்டிக்கொள்ளும், அதனால் வயதானவர்களின் மெலிந்த எலும்பிலும் பிடி சீக்கிரம் தளராது என்று டாக்டர் ஒரு பிளேட்டை அம்மாவின் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினார். தோளைச் சுற்றியுள்ள தசைநார்களையும் நூல் போட்டு அதோடு கட்டுவார்களாம். ஸ்குரூ முனை உருண்டையைத் துளைத்து மூட்டுக்குள் வந்துவிடுவதுதான் பெரிய தொல்லை என்பதால் தியேட்டரில் எடுத்த படங்களையும் காட்டினார். மறுநாள் நர்ஸ் தோளின் வெளிப்புறத்தைத் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பக்கம் ஒரு நரம்பு ஓடுகிறது.

அப்புறம்தான் கோபம். கையைத் தாங்கும் ஸ்லிங், மாத்திரை, இரண்டு வாரத்தில் வாருங்கள் என்று ஒரு சீட்டு, அவ்வளவுதான். பிசியோ பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வாரமும் அம்மா கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார், தோள் இறுகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் ஒரு பிசியோவைப் பிடித்தோம். சமையலறை மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு மெல்ல வட்டம் போடுவது முதலில். பிறகு விரல்களால் சுவரில் ஏறுவது. ஞாயிறுதோறும் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். சில வாரம் இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு விரல் அகலம்கூட இருக்காது, அம்மா அழுதுவிடுவார்.

இன்னொன்று. 2015இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், இப்படி எலும்பு விலகிய 250 பேரில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் ஸ்லிங்கில் விட்டவர்களுக்கும் இரண்டு வருஷம் கழித்துப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவுக்கு பிளேட் தப்பு என்று நான் சொல்லவில்லை, அவ்வளவு சாய்ந்திருந்தது. ஆனால் இரண்டு வழியையும் எங்கள் முன் வைத்திருக்க வேண்டும், கேட்கத் தெரியாதவர்களுக்கு யார் சொல்வார்கள்?

போகிறவர்கள் வீட்டுக்கு அனுப்பும் முன்பே பிசியோ எந்தத் தேதியில் தொடங்கும், மெடிக்கல் எய்ட் எத்தனை முறைக்குப் பணம் தரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 5க்கு 3 தருகிறேன், அந்த மூன்றும் டாக்டருக்கும் நர்ஸுக்கும். ஐந்தாவது மாதம் இது. மேல் தட்டில் இருக்கும் மசாலா டப்பாவை அம்மாவே எடுக்கிறார். கொண்டை மட்டும் இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன்.